குப்பைமேட்டுத் தண்ணீர் பயிருக்கு ஆகுமா?

கேள்வி:

ஐயா, எங்கள் நகராட்சிக் குப்பைக் கிடங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் குப்பைமேட்டு ஓரத்துப் பள்ளத்தில் கறுப்பாகத் தண்ணீர் கட்டி நிற்கும். கொஞ்ச வருடமாக எங்கள் கிணற்றுத் தண்ணீரும் பழுப்பேறி வருகிறது. போன பட்டத்தில் சின்ன வெங்காயம் வைத்தோம். தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது, காய் திரளவே இல்லை. ஆனால் அதே தண்ணீரில் தண்டுக்கீரை இடுப்பு உயரம் வளர்ந்து கரும்பச்சையாக நிற்கிறது. “அது உரத்தண்ணிம்மா, தைரியமா பாய்ச்சு” என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். தனியார் லேபில் கொடுத்துப் பார்த்தோம். கரைந்த உப்பு மொத்தம் லிட்டருக்கு 1,900 மி.கி., குளோரைடு 560, பி.ஹெச். 8.1, ஈயம் இல்லை, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யார் பேச்சை நம்புவது? இந்தத் தண்ணீர் செடிக்குக் கெடுதலா இல்லையா என்று நாங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அளந்து எழுதி வைக்கிற வேலையை அவள் பார்த்துக்கொள்வாள்.

– ஒரு வாசகி

பதில்:

அம்மா, சோதனைக்குப் போகும் முன் ஒரு விஷயம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம், சமையலுக்கும் எடுக்க வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் அதன் பாலில் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், உப்பும் நைட்ரேட்டும் தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். மாடுகளுக்கும் இப்போதைக்கு வேறு தண்ணீர் காட்டுங்கள்.

இனி உங்கள் கேள்வி. லேப் தாள் ஒன்று சொல்கிறது, வெங்காயம் வேறு சொல்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. லேப்காரர்கள் ஒப்பிட்டுப் பார்த்த வரம்பு எதற்கு ஏற்பட்டது என்று கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. குப்பைக் கிடங்கில் ஊறும் கசிவுநீரைச் சுத்திகரித்து நிலத்தில் விடுவதானால் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மி.கி., குளோரைடு 600 மி.கி. தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் 1,900, 560 இரண்டும் அதற்குள் அடங்கிவிட்டன. ஆனால் அது கழிவை வெளியேற்றுகிறவருக்குப் போட்ட கோடு. வெங்காயம் வைத்திருப்பவருக்குப் போட்டது அல்ல.

பாசன நீருக்கு வேறு அளவுகோல் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஏயர்ஸ், வெஸ்ட்காட் என்ற இருவர் எழுதி 1985இல் திருத்தி வெளியான கையேட்டைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் புரட்டுகிறார்கள். அதில் உப்பை மின்கடத்தும் திறனாக, ஈ.சி. என்ற அளவில் சொல்வார்கள். உங்கள் 1,900ஐ 640ஆல் வகுத்தால் தோராயமாக மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரும். 0.7க்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை, 3ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்பது அந்தக் கையேட்டின் கணக்கு. வெங்காயத்துக்கு 0.8 வரைதான் முழு விளைச்சல், தண்ணீர் 2.9ஐத் தொட்டால் விளைச்சல் பாதியாகும். நெல் 2 வரை தாங்கும், பருத்தி 5 வரைகூடத் தாங்கும். ஆக, வரம்புக்குள் இருக்கிறது என்று முத்திரை குத்திய அதே தாளிலேயே உங்கள் வெங்காயம் ஏன் கருகியது என்பதற்குப் பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதி அந்தத் தாளில் இல்லாத ஒன்று: அம்மோனியா. குப்பைக்குள் காய்கறிக் கழிவும் இறைச்சிக் கழிவும் காற்றில்லாமல் அழுகும்போது அவற்றிலுள்ள தழைச்சத்து அம்மோனியமாகக் கரைந்து வரும். கசிவுநீரில் அது லிட்டருக்கு 2,000 மி.கி. வரைகூட இருப்பது உண்டு. கிடங்கு பழசாகப் பழசாக மற்றப் பல பொருள்கள் குறையும்; அம்மோனியா மட்டும் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே நின்றுகொண்டிருக்கும். நான் சொன்ன விதி அட்டவணையில் ஆற்றிலோ சாக்கடையிலோ விடும் தண்ணீருக்கு அம்மோனியா 50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்றிருக்கிறது. நிலத்தில் விடுவதற்கான கட்டத்தில் வெறும் கோடுதான். கேட்காததை லேபும் பார்ப்பதில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தண்டுக்கீரை உப்பை ஓரளவு தாங்கும், தழைச்சத்து எவ்வளவு கிடைத்தாலும் உறிஞ்சிக்கொண்டு இலையாகத் தள்ளும். யூரியா போட்ட பாத்தியின் கரும்பச்சைதான் நீங்கள் பார்ப்பது. அதே அம்மோனியம் அளவு மீறினால், அதுவும் தண்ணீர் காரமாக இருந்தால், வேரைச் சுட்டுவிடும். பி.ஹெச். 7இல் இருக்கும்போது நூறு பங்கு அம்மோனியத்தில் ஒரு பங்குகூடக் கரைந்த வாயுவாக இருக்காது. 8ஐத் தாண்டினால், நம் ஊர் 30 டிகிரி வெயிலில், ஏழெட்டுப் பங்கு வாயுவாக மாறிவிடும்; 9ஐ நெருங்கினால் கிட்டத்தட்டப் பாதி. வேர்த்தோலைத் தடையில்லாமல் துளைத்துப் போகிறது இந்த வாயுதான். உங்கள் தண்ணீர் 8.1 என்பதை மறந்துவிடாதீர்கள்.

பலரும் முதலில் ஈயம், பாதரசம் என்றுதான் பயப்படுகிறார்கள். வீட்டுக் குப்பை கொட்டிய கிடங்குகளில் உலோகங்கள் பெரும்பாலும் குப்பைக்குள்ளேயே சல்பைடாகப் பிடிபட்டுத் தங்கிவிடும். நீரில் வெளியே வருவது குறைவு. தோல் பதனிடும் கழிவு, முலாம் பூசும் பட்டறைக் கழிவு, பேட்டரி, மின்னணுக் கழிவு கொட்டிய இடமானால் கதை வேறு. உங்கள் ஊர்க் கிடங்கில் என்னென்ன கொட்டினார்கள் என்று பழைய துப்புரவுப் பணியாளர்களிடம் கேளுங்கள். எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்காத விவரம் அவர்களிடம் இருக்கும்.

நம் ஊர்களின் பழைய கிடங்குகளுக்கு அடியில் எந்தத் தடுப்பும் கிடையாது. சென்னை மாநகரம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே பெருங்குடிக் கிடங்கை வைத்தது. 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட அதே சதுப்பு நிலம்தான். நான் சொன்ன 2016 விதிகளின்படி புதிதாகக் கிடங்கு அமைத்தால் அடியில் 90 செ.மீ. களிமண் படுகை, அதன்மேல் 1.5 மி.மீ. கனத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, ஊறும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க ஏற்பாடு எல்லாம் வேண்டும். பழைய மேடுகளில் மழை மேலே விழுந்து, குப்பையில் ஊறி, நேராக நிலத்தடிக்குப் போகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். உங்கள் மகளால் இதைச் செய்ய முடியும், நன்றாகவே முடியும். உலகத்து ஆய்வகங்கள் செய்கிற சோதனையும் அடிப்படையில் இதுதான்: விதையை அந்தத் தண்ணீரில் முளைக்க விட்டு, நல்ல தண்ணீரில் முளைத்த விதையோடு ஒப்பிடுவது. இத்தாலியில் ஜூக்கோனியும் அவருடைய சகாக்களும் 1981இல் முழுதாக மக்காத உரத்தின் நச்சைக் கண்டுபிடிக்க கிரெஸ் கீரை விதையில் இதைச் செய்தார்கள். முளைப்பையும் வேர் நீளத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் அவர்களுடைய கணக்கையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் எடுப்பதில்தான் பாதி சோதனை கெட்டுப்போகும். மூன்று இடத்துத் தண்ணீர் வேண்டும்: மேட்டு ஓரப் பள்ளம், உங்கள் கிணறு, குப்பைமேட்டுக்கு எதிர்ப்பக்கம் மேடான இடத்தில் இருக்கும் ஒரு கிணறு. அந்த மூன்றாவது இல்லாவிட்டால், உங்கள் பகுதி நிலத்தடி நீரே இயல்பாக உவரா, குப்பையால் உவரானதா என்று சொல்ல முடியாது. புது பிளாஸ்டிக் கேனை அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் போட்ட பெட்டியில் எடுத்து வாருங்கள். மறுநாளுக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். வைத்திருந்தால் அம்மோனியா பறந்துவிடும், உங்கள் தண்ணீர் இல்லாத நல்ல பெயரை வாங்கிக்கொள்ளும். பள்ளத்துத் தண்ணீரை ஆண்கள் யாராவது கையுறை போட்டு, நீளக் கம்பில் வாளி கட்டி, கரையிலிருந்தே மொள்ளட்டும். யாரும் உள்ளே இறங்கக் கூடாது. அங்கே தேங்கும் வாயுக்கள் ஆளை மயக்கிவிடும்.

விதைக்கு முள்ளங்கி நல்லது. இரண்டு மூன்று நாளில் முளைக்கும், வேர் நேராக ஓடும், உப்புக்கும் அம்மோனியாவுக்கும் சட்டென்று முகம் சுளிக்கும். மருந்து தோய்த்த விதை வேண்டாம். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்துப் போடுங்கள். டப்பாவுக்கு 20 விதை. தண்ணீரை அப்படியே ஒரு வரிசைக்கு, பாதிக்குப் பாதி கலந்தது இன்னொன்றுக்கு, பிறகு கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று) என்று குறைத்துக்கொண்டே போங்கள். கலப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும்; அது மட்டும் ஊற்றிய டப்பாதான் உங்கள் ஒப்பீட்டு டப்பா. ஒவ்வொரு கலவைக்கும் மூன்று டப்பா இருக்கட்டும். ஒரே டப்பாவை நம்பி முடிவு சொன்னால் விதையின் குறையையும் தண்ணீரின் தலையில் கட்டிவிடுவோம்.

டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடைத்து மூடிவிடாதீர்கள். பள்ளத்துத் தண்ணீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா பக்கத்து டப்பாவுக்குள் புகுந்து, நல்ல தண்ணீரில் முளைத்த வேரையும் சுட்டுவிடும். அப்போது எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும், தண்ணீரில் குற்றமில்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். பள்ளத்துத் தண்ணீர் டப்பாக்களை வேறு அறையில், அதே வெப்பத்தில், இருட்டில் வையுங்கள்.

ஐந்தாம் நாள் திறக்கும்போது உங்கள் மகள் பார்க்க வேண்டியது இது. நல்ல தண்ணீரில் முளைத்த முள்ளங்கி வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போர்த்தியிருக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை வேர்த்தூவிகள், வேர் நலமாக இருப்பதன் அடையாளம். ஒரு சொட்டு நீர் விட்டால் வேரோடு ஒட்டிப் படிந்துவிடும். கெட்ட தண்ணீரில் அந்தப் பஞ்சே இருக்காது. வேர் குட்டையாக, தடித்து, நுனி பழுப்பாகி நிற்கும். விதை முளைத்திருக்கும், ஆனால் வேர் ஓடியிருக்காது. முளைத்த எண்ணிக்கையை மட்டும் எண்ணி முடிவுக்கு வரக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விதை தன் சொந்தச் சேமிப்பை வைத்து முளைத்துவிடும். வெளித் தண்ணீரை நம்பி ஓட வேண்டியது வேர்தான்.

கணக்கு எளிது. நல்ல தண்ணீரில் 20க்கு 19 முளைத்து, வேர் சராசரி 42 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிணற்றுத் தண்ணீரில் 16 முளைத்து, வேர் 15 மி.மீ. பதினாறைப் பத்தொன்பதால் வகுத்தால் 0.84, பதினைந்தை நாற்பத்திரண்டால் வகுத்தால் 0.36, இரண்டையும் பெருக்கி நூறால் பெருக்கினால் 30. எண்பதுக்கு மேல் வந்தால் விதைக்குத் தீங்கில்லை, ஐம்பதுக்குக் கீழே வந்தால் கடுமையான நச்சு என்பது உர ஆய்வில் நிலைத்துவிட்ட வழக்கம். சில கலவைகளில், குறிப்பாக அரைக்கால், வீசத்தில், நூறைத் தாண்டியும் வரலாம். அண்ணன் சொல்லும் உரத்தண்ணி அந்த டப்பாவில் இருக்கிறது. எந்தக் கலவையிலிருந்து சரிவு தொடங்குகிறது என்பதே உங்களுக்கு வேண்டிய விடை.

நேரமிருந்தால் இன்னும் இரண்டு வரிசை சேர்க்கச் சொல்லுவேன், ஏனென்றால் காரணத்தைப் பிரித்துக் காட்டுவது இவைதான். ஒன்று, வெறும் சமையல் உப்புத் தண்ணீர். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டால் ஈ.சி. ஏறக்குறைய 2 வரும். ஒன்றரை கிராம் போட்டால் உங்கள் கிணற்றின் 3 வந்துவிடும். அதில் வேர் 30 மி.மீ. ஓடி, கிணற்றுத் தண்ணீரில் 15தான் ஓடியது என்றால், உப்புக்கு மேல் இன்னொன்றும் சேர்ந்து கெடுக்கிறது. இரண்டாவது, அதே கிணற்றுத் தண்ணீரை அகலத் தாம்பாளத்தில் ஊற்றி, மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, சுண்டிய அளவுக்கு வடித்த நீர் சேர்த்துச் சரிசெய்தது. அதில் வேர் நீண்டால் பறந்துபோகக்கூடிய ஏதோ ஒன்று, பெரும்பாலும் அம்மோனியா, குற்றவாளி. நீளாவிட்டால் உப்பையும் போரானையும் சந்தேகப்படுங்கள்.

உங்கள் வீட்டில் வெங்காயத்துக்குப் பஞ்சமிருக்காது, அதையும் பயன்படுத்துங்கள். காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி சிறு கிளாஸ் வாயில் உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் இறங்கும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவன் 1938இல் தொடங்கிவைத்த முறை இது. கல்லூரித் தாவரவியல் துறையில் கேட்டால் அந்த வேர் நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, செல் பிரியும்போது குரோமோசோம்கள் உடைகின்றனவா என்றும் சொல்லிவிடுவார்கள். எந்த லேப் தாளும் சொல்லாத விஷயம் அது.

ஆனால் ஐந்து நாள் சோதனையால் ஒன்றைக் காட்ட முடியாது. அம்மோனியத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில வாரத்தில் நைட்ரேட்டாக மாற்றிவிடும். உப்பை எதுவும் மாற்றாது. பாய்ச்சுகிற தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணில் தங்கும், அடுத்த பட்டத்தில் அதன்மேல் இன்னும் ஏறும். சோடியம் கூடினால் களிமண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். இதைப் பார்க்க உங்கள் தோட்டத்து மண்ணையே தொட்டியில் நிரப்பி, ஒரு வரிசைக்குக் கிணற்றுத் தண்ணீரும் இன்னொன்றுக்கு நல்ல தண்ணீரும் ஊற்றி, ஆறு வாரம் வெங்காயமும் கீரையும் வளர்த்துப் பாருங்கள். முடிவில் தொட்டி மண்ணைப் பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஈ.சி.யும் சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை செய்தால் நல்லது. மழையில் கசிவுநீர் நிறைய வரும், ஆனால் நீர்த்திருக்கும். கோடையில் கொஞ்சம்தான் ஊறும், ஆனால் கடுமை கூடியிருக்கும்.

இப்போது அந்தக் கரும்பச்சைத் தண்டுக்கீரை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் செடிக்கு என்ன ஆகிறது என்று கேட்பவை. செடியைத் தின்பவருக்கு என்ன ஆகும் என்று அவை கேட்பதே இல்லை. நான் சொன்ன கையேட்டிலேயே பாசன நீரில் ஈயம் லிட்டருக்கு 5 மி.கி. வரை அனுமதி உண்டு, ஏனென்றால் செடி அதைப் பொருட்படுத்தாது. நம் குடிநீர்த் தர அளவில் ஈயம் 0.01 மி.கி.தான். ஐந்நூறில் ஒரு பங்கு! காட்மியம் இன்னும் கபடமானது. இலை வாடாது, வளர்ச்சி குறையாது, கீரை அதை இலையில் சேர்த்துக்கொண்டே போகும். அளவுக்கு மீறிய தழைச்சத்தும் கீரையில் நைட்ரேட்டாகத் தங்கும். அதனால் கீரை செழிப்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கீரையை வீட்டுக்கும் சந்தைக்கும் எடுப்பதை, ஈயமும் காட்மியமும் கீரையிலேயே அளந்து பார்க்கும் வரை, நிறுத்தி வையுங்கள். கஷ்டம்தான், தெரியும். ஆனால் வாங்கிப் போகிறவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை லேபுக்குப் போகும்போது அம்மோனியா தழைச்சத்து, நைட்ரேட், சோடியம், போரான், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஈயம் “இல்லை” என்று மொட்டையாக எழுதினால் எந்த அளவுக்குக் கீழே இல்லை என்றும் கேளுங்கள்.

ஸ்வீடனில் சுத்திகரித்த கசிவுநீரை வில்லோ மரத் தோப்புகளுக்குப் பாய்ச்சுகிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். அவை எரிபொருளுக்கு வெட்டும் மரங்கள். அளந்து ஊற்றுகிறார்கள், யாரும் சாப்பிடுவதில்லை. உங்கள் கீரைப் பாத்திக்கு அது சாட்சி ஆகாது.

கடைசியாக, இந்தச் சுமை முழுவதும் உங்கள் தலையில் இருக்க வேண்டியதில்லை. அதே 2016 விதிகள், கிடங்கு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் சோதிக்க வேண்டும் என்று கூறின. அந்த முடிவுகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேளுங்கள். சோதனை செய்யவே இல்லை என்று பதில் வந்தாலும் அது எழுத்தில் வந்த பதில். அதோடு உங்கள் மகளின் நோட்டையும், வேர்களை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களையும் சேர்த்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். அதே தண்ணீரில் பயிர் வைத்திருக்கிற பக்கத்துத் தோட்டத்து அண்ணனையும் கையோடு அழைத்துப் போங்கள்.